மெடுசாவின் கைகள்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் என் பதிமூன்று வயது மகனுக்கு 1981இல் வந்த ‘கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்’ படத்தைப் போட்டுக் காட்டினேன். சிறுவயதில் நான் வாய்பிளந்து பார்த்த படம். தன்னைப் பார்ப்பவரைக் கல்லாக்கும் பாம்புத்தலை அரக்கி மெடுசா வந்ததும் அவன் “இது பொம்மைப்பா” என்று சிரித்துவிட்டான். மறுநாள் அவனே 2010இல் வந்த ரீமேக்கைப் போட்டு ரசித்துப் பார்த்தான். எனக்குத் தலைவலிதான் மிச்சம். அந்தப் படம் வெளியானபோது த்ரீடி மோசம், பழைய படத்தின் இயந்திர ஆந்தையை அவமதித்துவிட்டார்கள், கிரேக்கப் புராணத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் திட்டித் தீர்த்தது நினைவிருக்கிறது. இந்தத் தலைமுறைக்குக் கற்பனையே வறண்டுவிட்டதா? பழைய படங்களைத் தொடாமல் இருப்பதுதான் அவற்றுக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

உங்கள் மகன் சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாகவே அந்த மெடுசா காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

பையன் சொன்னது சரி. அது பொம்மைதான். உள்ளே உலோக எலும்புக்கூடு, மேலே ரப்பர் தோல். ரே ஹாரிஹவுசன் என்ற மனிதர் அதை இம்மியளவு நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம் என்று எடுத்தார். திரையில் ஒரு நிமிடம் ஓட 1440 படங்கள் வேண்டும். ஒவ்வொன்றிலும் கை, உடல், வால், தலையில் நெளியும் பாம்புகள் எல்லாம் இடம் மாறியிருக்க வேண்டும். உங்கள் மகன் அதைக் கண்டுபிடித்துச் சிரித்தான். கண்டுபிடிக்கிற கண் இருக்கிறது என்று சந்தோஷப்படாமல், தலைமுறையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்களே, நியாயமா? ஹாரிஹவுசனும் பதிமூன்று வயதில் லாஸ் ஏஞ்சல்ஸ் தியேட்டர் ஒன்றில் 1933இன் ‘கிங் காங்’ பார்த்துவிட்டு, இதை எப்படி எடுத்தார்கள் என்று மண்டையைக் குடைந்துகொண்டவர்தான். அந்தக் குடைச்சல்தான் அவரை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தது.

புராணத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்ற புகாரை விட்டுவிடுங்கள். கெடுத்தது பழைய படமும்தான். அதில் வரும் கடல் பூதம் கிராக்கன் வடகடல் மாலுமிகளின் கதையில் வருகிற பிராணி, கிரேக்கத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பெகாசஸ் என்ற சிறகுக் குதிரை மேல் ஏறிப் பறந்தவன் பெல்லரோஃபோன். 1981இல் அந்தக் குதிரையைப் படத்தின் நாயகன் பெர்சியஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். வில்லன் காலிபோஸ் படத்துக்காகவே பிறந்த ஆள். புராணம் என்றால் ஆளாளுக்கு மாற்றிச் சொல்வதுதான். புதிய படத்தில் அரபுக் கதைகளின் பாலைவன ஜின்கள் வந்ததும் மட்டும் உங்களுக்கு ஏன் கோபம்?

ஆந்தை விஷயம் வேடிக்கையானது. 2010 படத்தில் பெர்சியஸ் ஆயுதக் குவியலிலிருந்து அந்த இயந்திர ஆந்தையை எடுத்து இது என்ன என்று கேட்பான். அதை வைத்துவிட்டு வா என்பார்கள். பழைய ரசிகர்கள் பொங்கிவிட்டார்கள். ஆனால் 1981இல் இதே ஆந்தையைத்தான் ‘ஸ்டார் வார்ஸ்’ ரோபோவின் காப்பி என்று கிண்டலடித்தார்கள். பழைய ‘கிளாஷ்’ படம் அமெரிக்காவில் வெளியான அதே 1981 ஜூன் 12இல் ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ என்ற சாகசப் படமும் வெளியானது. அதன் வேகத்துக்குப் பக்கத்தில் ஹாரிஹவுசனின் வேலை அன்றைக்கே பழசாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் முழுநீளப் படம் எதுவும் செய்யவில்லை. அன்றைய இளவட்டங்கள் சிரித்தார்கள், இன்று உங்கள் மகன் சிரிக்கிறான். நடுவில் உங்களுக்கு மட்டும் எப்படி அது தெய்வமானது?

த்ரீடி பற்றி நீங்கள் சொன்னதில் மறுப்பே இல்லை. 2009 டிசம்பரில் த்ரீடியில் வந்த ‘அவதார்’ வசூலைப் பார்த்த ஸ்டுடியோ, சாதாரணமாக எடுத்து முடித்த படத்தைச் சில வாரங்களில் த்ரீடியாக மாற்றச் சொன்னது. வெளியீட்டை மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் 2க்குத் தள்ளினார்கள். மாற்றும் வேலையைச் செய்தது மும்பையைச் சேர்ந்த பிரைம் ஃபோகஸ் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவசரத்தில் மனிதர்களின் தலைமுடி ஓரிடத்திலும் முகம் வேறிடத்திலும் மிதந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். இயக்குநர் லூயி லெட்டெரியரே பின்னாளில் அந்த த்ரீடியைத் திட்டினார். அப்படியும் உலகம் முழுக்க 49 கோடி டாலர் வசூல். கூட்டம் திட்டிக்கொண்டேதான் டிக்கெட் எடுத்தது. எப்போதும் அப்படித்தானே?

சரி, மெடுசாவுக்கு வருகிறேன்.

எண்பதுகளின் நடுவில் என் தாய்மாமா துபாயிலிருந்து வீடியோ டெக் கொண்டுவந்தார். எங்கள் தெருவில் முதல் டெக். சாயங்காலமானால் வாசல் வரைக்கும் ஆள். அவர் கொண்டுவந்த கேசட்டுகளில் இந்தப் படமும் ஒன்று. ஆச்சிக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. தூணோரம் சுளகை மடியில் வைத்துக்கொண்டு உளுந்தில் கல் பொறுக்கியபடி, பாதி கண்ணை டிவியில் வைத்திருப்பாள். மெடுசா காட்சி வந்ததும் சின்னப் பிள்ளைகள் எல்லாம் போர்வைக்குள் போய்விட்டோம். ஆச்சி மட்டும் பொறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். முதலில் சுவரில் நிழல். அப்புறம் கிலுகிலுவென்று வால் சத்தம். அப்புறம் இரண்டு கைகள். மெடுசாவுக்குக் காலில்லை. கைகளைத் தரையில் ஊன்றி, பாரமான உடம்பை இழுத்து இழுத்து வருகிறாள். தோளில் அந்தக் கஷ்டம் தெரிகிறது. ஆச்சி சொன்னாள்: “பாவம்ல, நடக்க முடியல அவளுக்கு. யாருல இவள இப்படி ஆக்கினது?”

யார் ஆக்கினார்கள் என்பது கதையில் இருக்கிறது. கடல் தெய்வம் அவளைக் கோவிலில் வைத்துச் சேர்ந்தான், கோவிலுக்குரிய தேவி அவளைச் சபித்தாள். செய்தவனுக்கு ஒன்றுமில்லை. வசனம் புரியாத ஆச்சி இதையெல்லாம் அந்தக் கைகளிலிருந்தே படித்துவிட்டாள்.

நான் இத்தனை நாளாக மென்றுகொண்டிருப்பது இதைத்தான். பழைய படத்தின் ரசிகர்கள் கையால் செய்ததில் உயிர் இருக்கிறது, கம்ப்யூட்டரில் உயிர் இல்லை என்கிறார்கள். சோம்பேறித்தனமான பேச்சு. 2005இல் பீட்டர் ஜாக்சனின் கிங் காங் முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்ததுதான். அதற்கு உடலசைவு கொடுத்த நடிகர் ஆண்டி செர்கிஸ் ருவாண்டாவுக்குப் போய் கொரில்லாக்களைப் பார்த்துவிட்டு வந்து நடித்தார். அந்தக் குரங்கு பனியில் சறுக்கி விளையாடியதைப் பார்த்துத் தியேட்டரில் என் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார். ஆக, கம்ப்யூட்டர் மேல் பழி போடுவது வீண். 2010இன் மெடுசாவுக்கு உடம்பு பாரமாக இல்லை, அதுதான் கோளாறு. நெருப்புக் குழம்புக்கு மேலே தூணுக்குத் தூண் வழுக்கிப் பாய்கிறாள், சிரிக்கிறாள், நினைத்த இடத்தில் முளைக்கிறாள். அவளுக்கு எதுவுமே சிரமமில்லை. சிரமப்படாத ஒன்றின் மேல் யாருக்கு இரக்கம் வரும்? அவள் தலை போனபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, வீடியோ கேமில் ஒரு லெவல் முடிந்தது, அவ்வளவுதான்.

பழைய படத்தில் பெர்சியஸ் தூணுக்குப் பின்னால் நிற்கும் அந்த நேரத்தைக் கவனியுங்கள். முகமெல்லாம் வேர்வை. அவள் அவசரப்படவில்லை, வில்லைப் பிடித்துக்கொண்டு தேடி வருகிறாள். அவள் எப்படி மூச்சு விடுகிறாள், எங்கே திரும்புகிறாள் என்று நாமும் பார்க்க நேரம் கொடுக்கிறார்கள். அவனுக்காகப் பயப்படுகிறோம், அவளையும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். கழுத்திலிருந்து கெட்டியாக ரத்தம் வழியும்போது ஜெயித்த சந்தோஷம் வருவதில்லை. ஹாரிஹவுசன் அந்தக் காட்சியில் பொம்மையை வைத்துக்கொண்டு நடிக்கிறார், கே. அவர் செய்தது நடிகரின் வேலை. நீங்கள் அவரைத் தச்சரைப் போலப் பாராட்டுகிறீர்கள்.

ரீமேக்கே கூடாது என்றீர்கள். 1940இல் வந்த படம் ஒன்றை 1966இல் ‘ஒன் மில்லியன் இயர்ஸ் பி.சி.’ என்று திரும்ப எடுத்தபோது அதன் டைனோசர்களை உருவாக்கியவர் இதே ஹாரிஹவுசன். பழையதில் பல்லிகளை டைனோசர் என்று நடமாடவிட்டிருந்தார்கள். இவர் பெரும்பாலும் அவற்றுக்குப் பதில் சண்டையிட்டுச் சாகிற பிராணிகளைக் கொடுத்தார். தொடக் கூடாது என்று அன்று யாராவது அவரைத் தடுத்திருந்தால் யாருக்கு நஷ்டம்?

மகனிடம் எது நல்ல படம் என்று விவாதிக்காதீர்கள், பதிமூன்று வயதில் அப்பாவுடன் விவாதித்துத் தோற்க எந்தப் பிள்ளையும் சம்மதிக்க மாட்டான். எந்த மெடுசா செத்தபோது அவனுக்குக் கொஞ்சமாவது கஷ்டமாக இருந்தது என்று மட்டும் கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்றாலும் சண்டை போடாமல் அதை எனக்கு எழுதுங்கள். உங்கள் கருத்தைவிட அவன் கருத்தைக் கேட்கத்தான் ஆவலாக இருக்கிறது.