கைவிடப்பட்ட கிராமங்களில் வீடுகள் ஏன் இவ்வளவு சீக்கிரம் இடிகின்றன? அங்கே போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

ஆளில்லாத வீட்டுக்கு முதல் எதிரி மழைதான். கூரையில் ஓர் ஓடு நகர்ந்தால், குடியிருப்பவர் உடனே சரிசெய்துவிடுவார். ஆள் போனபின் அந்த இடைவெளி வழியாக நீர் இறங்கி உத்திரம் உளுத்துவிடும். கூரை விழுந்ததும் மண்சுவர் கரையத் தொடங்கும். விரிசலில் முளைத்த செடி மிச்சத்தைப் பிளக்கும். சீனாவின் ஷெங்ஷான் தீவிலுள்ள ஹௌதௌவான் என்ற மீனவ கிராமம் 1990களில் காலியானது. இன்று அதன் வீடுகளைக் கொடிகள் மூடிவிட்டன. இத்தாலியின் க்ராகோ கல்லால் கட்டிய ஊர். 1963 நிலச்சரிவால் மக்கள் வெளியேறத் தொடங்கினார்கள், ஆனாலும் அதன் கோபுரம் இன்னும் நிற்கிறது.

போனால் சின்னச் சின்னத் தடயங்களைப் பாருங்கள். தேய்ந்த வாசற்படி, கிணற்றுக் கல்லில் கயிறு அறுத்த கோடுகள், சுவரில் படிந்த அடுப்புக் கரி. எத்தனை தலைமுறை அங்கே புழங்கியது என்று இவை சொல்லிவிடும். மாடிப்படியில் ஏறாதீர்கள்; புதர் மூடிய கிணறுகள் இருக்கும், கவனம். எதையும் எடுத்து வராதீர்கள். இடம் மாறிய பொருள் தன் கதையை இழந்துவிடுகிறது.

என்னைக் கேட்டால், கட்டடத்தைவிட வேகமாக அழிவது பெயர்கள்தான். ஒவ்வொரு வயலுக்கும் மேட்டுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும்; எந்த ஊற்று கோடையில் வற்றாது என்பது சிலருக்கு மட்டுமே தெரியும். அது எந்த வரைபடத்திலும் இருக்காது. அதனால் ஊருக்குப் போகுமுன், அங்கிருந்து இடம்பெயர்ந்த முதியவர்களைத் தேடிப் பேசுங்கள். அவர்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். முடிந்தால் அவர்களையே கூட்டிக்கொண்டு போங்கள்.