7 மணிக்கு மேல் மீன் சமைக்க முடியுமா?

கேள்வி: வேலை முடிந்து வீட்டுக்கு வரவே 7 மணி ஆகிவிடுகிறது. கணவருக்குச் சர்க்கரை இருக்கிறது. ராத்திரியில் சோற்றைக் குறைத்து, மீனும் காயும் சேர்க்கச் சொல்கிறார் டாக்டர். எனக்குத் தெரிந்தது மீன் குழம்பும் வறுவலும்தான். இரண்டுக்குமே ஒன்றரை மணி நேரம் போகிறது. சோற்றுக்குப் பதில் வரகு வைத்தேன், களி மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகள் தொடவே இல்லை. சுலபமான வழி உண்டா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வரகு களியானதற்குக் காரணம் குக்கராகத்தான் இருக்கும். நானும் முதல் தடவை அரிசிக்கு விடுவது போல 3 விசில் விட்டு, கரண்டியில் ஒட்டியதைச் சுரண்டிக்கொண்டு நின்றவள்தான். சாமைக்கு மாறிப் பாருங்கள், சீக்கிரம் வேகும். ஒரு டம்ளர் சாமையைக் கழுவி 20 நிமிடம் ஊறவிட்டு வடித்துவிடுங்கள். 2 டம்ளர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போட்டு, தீயைக் குறைத்து மூடுங்கள். தண்ணீர் வற்றியதும் அடுப்பை அணைத்து 10 நிமிடம் திறக்காதீர்கள். அப்புறம் முள்கரண்டியால் கிளறினால் உதிரி உதிரியாக வரும். பிள்ளைகளுக்கு முதல் வாரம் பாதிச் சோறு கலந்தே போடுங்கள்.

மீனுக்கு வருவோம். விரல் கனத் துண்டு வேகப் பத்து நிமிடம் போதும். நேரத்தைத் தின்பது அலசுவதும் அரைப்பதும்தான். கடையிலேயே செதில், செவுள், குடல் எடுத்து வெட்டித் தரச் சொல்லுங்கள். மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், மஞ்சள்தூள், உப்பு சேர்த்துக் கொரகொரவென்று அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாள் கவலையில்லை.

சாமை ஊறும்போதே மசாலாவோடு அரை மூடி எலுமிச்சை பிழிந்து மீனில் தடவிவிடுங்கள். வாழையிலையைத் தணலில் வாட்டி (வாட்டாவிட்டால் மடிக்கும்போதே கிழியும்), துண்டை வைத்து மடித்து, தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு அடுக்கி மூடுங்கள். பக்கத்துக்கு 5 நிமிடம். சதை பால் வெள்ளையாக மாறி, கத்தி முனை பட்டதும் முள்ளை விட்டு விலகினால் எடுத்துவிடலாம். இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும் என்று விட்டால் சக்கை சக்கையாகிவிடும். இலைக்குள் வேகும் மீன் வறுவல் அளவுக்கு வீட்டை நாறடிக்காது. தட்டில் நிற்கும் வாடைக்குப் புளிச்சக்கை போட்டுத் தேய்த்தால் போதும்.

மத்தி, அயிலை, சங்கரா எது கிடைத்தாலும் சரி. வஞ்சிரம்தான் சத்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விலை குறைந்த மத்தியில்தான் இதயத்துக்கு நல்ல கொழுப்பு தாராளம். முழு மத்தியைக் கீறிவிட்டு அப்படியே இலையில் மடிக்கலாம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, கடல்மீன் விலை ஏறிவிடும். அந்த நாட்களில் கட்லா, ரோகு வாங்குங்கள்.

காய்க்கு அவரைக்காயோ கோஸோ பொரியல், சாமையில் ஊற்றிக்கொள்ள பூண்டு ரசம். அவ்வளவுதான் சாப்பாடு.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சாமையும் மாவுச்சத்துதான், சர்க்கரை ஏற்றும். கணவர் தட்டில் பாதி காய், கால் பங்கு மீன், மிச்ச கால் பங்குதான் சாமை. அவர் இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் என்றால், சோற்றைத் திடீரென்று பாதியாகக் குறைக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மருந்தின் அளவு மாறாமல் சாப்பாடு மட்டும் குறைந்தால் நடுராத்திரியில் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டும்.