காலுக்குத் தனியாக மூளை இருக்கோ?

வாசகர் கடிதம்

அண்ணாவுக்கு வணக்கம்.

நான் உவர்மலையில் இருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம், மகன் கோபிப்பான். அவனுக்கு 15 வயது, நூறு மீற்றர் ஓடுகிறவன். போன மாதம் மெக்கெய்சர் மைதானத்தில் நடந்த போட்டியில் வெடி வைக்க முதலே கிளம்பிவிட்டான் என்று இறுதி ஓட்டத்தில் அவனை நீக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த நாளில் இருந்து ஒரே கதைதான்: "நான் ஓடேல்ல, கால் தானாப் போயிட்டுது." பக்கத்தில் மைக் கீச்சென்று கத்தியதாகவும் சொல்கிறான். இவருக்கு அதைக் கேட்டாலே ஏறுகிறது. "காலுக்குத் தனியா மூளை இருக்கோ? அவசரக் குடுக்கை எண்டு ஒத்துக்கொள்ளன்" என்கிறார்.

நாம் அசைய நினைப்பதற்கு முன்பே மூளை தொடங்கிவிடுகிறது என்று நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். மகன் அதைத் தேடி எடுத்து அப்பாவிடம் காட்டுகிறான். யார் சொல்வது சரி?

இன்னொன்று. மாமாவுக்கு, இவருடைய அப்பாவுக்கு, பார்க்கின்சன். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். குசினி வாசலில் வந்ததும் கால் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடுவார். ஒருநாள் மகன் தன் கிரிக்கெட் துடுப்பை வாசலுக்குக் குறுக்கே போட்டுவிட்டுப் போயிருந்தான். மாமா அதைத் தாண்டிக் காலை வைத்து, நிற்காமல் உள்ளே போய்விட்டார்! நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். ஒரே வீட்டில் ஒருவருக்குக் கால் முந்துகிறது, ஒருவருக்குக் கால் வரமாட்டேன் என்கிறது. இது என்ன?

ஒரு வாசகி, திருகோணமலை

பதில்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் வீட்டு வழக்குக்கு என் கட்டுரையைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறான் மகன். கெட்டிக்காரன்தான். ஆனால் அந்தச் சாட்சி இந்த வழக்குக்கு உதவாது.

நான் எழுதியது பெஞ்சமின் லிபெற்றும் கூட்டாளிகளும் 1983 இல் வெளியிட்ட சோதனையைப் பற்றி. ஆட்களை உட்கார வைத்து, உங்களுக்கு எப்போது விருப்பமோ அப்போது கையை அசையுங்கள் என்றார்கள். எதிரே ஒரு கடிகாரம்; அதில் ஒரு புள்ளி 2.56 செக்கனுக்கு ஒரு சுற்று வரும். அசைக்கலாம் என்ற எண்ணம் வந்தபோது புள்ளி எங்கே நின்றது என்று சொல்ல வேண்டும். அசைவுக்கு 550 மில்லிசெக்கன் அளவு முன்பே மூளையில் மின் அலை எழத் தொடங்கியது. எண்ணம் வந்ததாக ஆட்கள் சொன்னதோ 200 மில்லிசெக்கன் அளவுக்கு முன்புதான். அந்த அலையே ஒரு முடிவு இல்லை, மூளையில் எப்போதும் ஏறி இறங்கும் இரைச்சல் தற்செயலாக எல்லையைத் தொடுவதுதான் அப்படித் தெரிகிறது என்று 2012 இல் ஆரன் ஷூர்கர் குழு ஒரு விளக்கம் வைத்தபின், லிபெற்றை வைத்துப் பெரிய தீர்ப்புகள் சொல்வது கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

எப்படியோ, அது 'விருப்பமானபோது' அசைவதைப் பற்றிய கதை. உங்கள் மகன் விருப்பமானபோது ஓடப் போகவில்லை. ஓடுவது என்ற முடிவைச் சப்பாத்து நாடாவை முடியும்போதே எடுத்துவிட்டான். கோட்டில் அவன் செய்துகொண்டிருந்தது காத்திருப்பது. அதற்கு வேறு சோதனை இருக்கிறது.

1964 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கிரே வோல்ற்றர் என்பவர் செய்தது. (சக்கரம் பூட்டிய ஆமை ரோபோக்களைச் செய்து வீட்டுக்குள் உலாவ விட்ட மனிதர் இவர்தான், அந்தக் கதையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.) முதலில் 'டிக்' என்று ஒரு சத்தம். ஒரு செக்கன் கழித்து மினுக்கி மினுக்கி வெளிச்சம் வரும்; பொத்தானை அழுத்தி அதை நிறுத்த வேண்டும். கொஞ்சம் பழகியதும், சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் இடைப்பட்ட அந்த ஒரு செக்கனில், ஆள் சும்மா இருப்பதாகத் தெரியும்போதே, உச்சந்தலையில் வைத்த மின்முனையில் மின்னழுத்தம் மெல்ல மெல்ல மைனஸ் பக்கம் சரிந்துகொண்டு போனது. பொத்தானை அழுத்தியதும் சட்டென்று பழைய நிலைக்கு வந்தது. வெளிச்சம் வருவதை நிறுத்திவிட்டால் கொஞ்ச நேரத்தில் அலையும் கரைந்துவிட்டது. இதற்கு எதிர்பார்ப்பு அலை என்றே பெயர் வந்தது.

மைதானத்தில் 'செட்' என்று சொன்ன பிறகு ஒரு பிள்ளையின் கையை மட்டும் பாருங்கள். பெருவிரலும் மற்ற விரல்களும் வளைவாகக் கோட்டுக்குப் பின்னால் ஊன்றியிருக்கும். பாரம் முழுக்க அதில் இறங்கி நகத்தின் நுனி வெளுத்திருக்கும். தோள் கோட்டைத் தாண்டி முன்னுக்குச் சரிந்திருக்கும். அந்த உடம்பு விழாமல் நிற்பதே ஒரு வேலை.

உள்ளே அதைவிடப் பெரிய வேலை நடக்கிறது. 1976 இல் ஜுன் தஞ்சியும் எட்வர்ட் எவர்ட்ஸும் குரங்குகளுக்கு ஒரு பிடியைப் பழக்கினார்கள்: ஒரு நிற விளக்கு வந்தால் தள்ள வேண்டும், மற்ற நிறம் என்றால் இழுக்க வேண்டும், ஆனால் அடையாளம் கிடைக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். கை அசையாமல் இருந்த அந்த இடைவெளியிலேயே, இயக்கப் புறணியின் பல நரம்புக் கலங்கள் தள்ளுவதற்கு ஒரு விதமாகவும் இழுப்பதற்கு ஒரு விதமாகவும் துடிப்பை மாற்றியிருந்தன. இயக்கப் புறணி என்பது தசைக்குக் கட்டளை போகிற வாசல். அந்த வாசலிலேயே அசைவு தயாராக நிற்கிறது.

அப்படியென்றால் கை ஏன் அசையவில்லை? நீண்ட காலம் இதற்குச் சரியான பதில் கிடையாது. 2014 இல் ஸ்ரான்ஃபோர்ட்டில் மத்தியூ கவுஃப்மனும் கிருஷ்ணா ஷெனோயும் மற்றவர்களும் ஒரு விளக்கம் வைத்தார்கள். இல்ல விளையாட்டுப் போட்டியில் கயிறிழுத்தல் பார்த்திருப்பீர்களே. இரண்டு பக்கமும் பல்லைக் கடித்து இழுக்கும், நடுவில் கட்டிய துணி மட்டும் அந்த இடத்திலேயே நிற்கும். ஆயத்தத்தின்போது நரம்புக் கலங்களின் ஏற்றமும் இறக்கமும் அந்த மாதிரித்தான் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. தசைக்குப் போய்ச் சேரும் கூட்டுத்தொகை மாறுவதில்லை. இதற்கு மேலே தனியான தடுப்பும் இருக்கிறது. மண்டைக்கு வெளியே காந்தத் துடிப்புக் கொடுத்துச் சோதித்தால், மூளையில் இருந்து தசைக்குப் போகும் பாதை அடையாளம் கிடைப்பதற்குச் சற்று முன் வழமையைவிட மந்தமாக இருக்கிறது. அதுவும், அசையப் போகிற அதே கைக்கு.

இனி மைக்குக்கு வருவோம். 1999 இல் பார்சலோனாவில் ஜோசப் வால்ஸ்-சோலே குழு ஒன்றைக் கண்டது. ஓர் அசைவுக்கு முழுதாகத் தயாராக இருக்கும் ஆளுக்கு, அடையாளத்தோடு சேர்த்துத் திடுக்கிடவைக்கும் சத்தம் ஒன்றைக் கொடுத்தால், அந்த அசைவு வழமையில் ஏறக்குறையப் பாதி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறது. அரைகுறையாக இல்லை, பழகிய அதே வடிவில். தயாராக இல்லாத ஆளுக்கு அப்படி நடக்காது. அவர் வெறுமனே துள்ளிவிழுவார். ஆகவே மைக் நிஜமாகவே காதுக்குப் பக்கத்தில் கீச்சிட்டிருந்தால், "கால் தானாப் போயிட்டுது" என்பதை நான் பொய்யென்று சொல்லமாட்டேன். தூரத்துப் பந்தலில் யாரோ கத்தியதென்றால் அது வேறு கதை. அதை அவனிடமே ஆறுதலாகக் கேளுங்கள், அப்பா பக்கத்தில் இல்லாத நேரமாக.

அவரிடம் இதையும் சொல்லுங்கள்: 2011 இல் தென்கொரியாவின் தேகுவில், உலகச் சம்பியன்ஷிப் நூறு மீற்றர் இறுதியில், உசைன் போல்ற் இதே காரணத்துக்காக வெளியே போனார். முதல் தவறுக்கே நீக்கம் என்ற விதி அதற்கு முந்திய வருடம்தான் வந்திருந்தது. பெரிய போட்டிகளில் வெடிக்குப் பின் 100 மில்லிசெக்கனுக்குள் கால் தள்ளினாலும் ஃபோல்ஸ் ஸ்டார்ட்தான். சத்தம் காதில் விழுந்து காலுக்கு வந்து சேர அவ்வளவாவது வேண்டும் என்ற கணக்கு. திடுக்கிடும் சத்தத்தில் அதற்கு முன்பே வரலாமே என்று அந்த எல்லையைப் பற்றி ஆய்வாளர்களிடையே வாதமும் உண்டு.

அவசரக் குடுக்கை என்பது யோசிக்காமல் செய்கிறவனுக்கு வைக்கிற பெயர். இவன் யோசித்து, தயாராகி, கொஞ்சம் கூடுதலாகத் தயாராகிப் போனவன். அவனிடம் தோற்றது பிடித்துவைக்கிற பக்கம். விதிப்படி நீக்கியது நீக்கியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வீட்டில் திட்டுவது மட்டும் வீண்.

திட்டுவதற்குப் பதிலாக, பயிற்சியில் யார் தொடக்கம் கொடுக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஆள், ஒரே தாளத்தில் 'செட்' சொல்லிக் கை தட்டுவார். அந்த இடைவெளியை மூளை பாடமாக்கிவிடும். எதிர்பார்ப்பு அலை அந்தக் கணத்துக்கென்றே உச்சம் போகும். போட்டியில் வெடி அரைச் செக்கன் பிந்தினால், உச்சத்துக்குப் போன ஆயத்தத்தைப் பிடித்துவைக்க வேண்டிவரும். அதனால் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு இடைவெளிகள். சிலவேளை 'செட்' சொல்லிவிட்டு வெடியே இல்லாமல் எழுப்பிவிடவும் வேண்டும்.

அவன் கவனம் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள், காலிலா சத்தத்திலா என்று. 1888 இலேயே லைப்சிக்கில் லுட்விக் லாங்கே இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தார். அசைவில் கவனம் வைத்தவர்கள் வேகமாக இருந்தார்கள், ஆனால் அடையாளத்துக்கு முந்தியும் விழுந்தார்கள். எதை விட்டு எதை எடுப்பது என்பதை அவனும் பயிற்சியாளரும்தான் தீர்மானிக்க வேண்டும்.

சரி, மாமா. இங்கே லிபெற் பக்கத்து விஷயம் வருகிறது, அதாவது அடையாளம் எதுவும் இல்லாமல் தானாகத் தொடங்குவது. கிரே வோல்ற்றர் தன் அலையைக் கண்ட அதே 1964 இல், ஜெர்மனியின் பிரைபேர்க்கில் கோர்ன்ஹூபரும் டீக்கேயும், தானாக விரலை அசைக்கிற ஆட்களின் மூளை மின்னைக் காந்த நாடாவில் பதிந்து, நாடாவைப் பின்பக்கமாக ஓட்டிப் பார்த்தார்கள். எப்போது அசைவான் என்று முன்கூட்டித் தெரியாதே, அதனால் அசைவில் இருந்து பின்னோக்கிப் போனார்கள். பல அசைவுகளைச் சராசரி எடுத்தபோது, ஒரு செக்கனுக்கு மேல் முன்பிருந்தே எழுந்துவரும் ஒரு மெல்லிய அலை தெரிந்தது. அதன் முற்பகுதி பெரும்பாலும் உச்சந்தலைக்கு நேர்கீழே இருக்கும் துணை இயக்கப் பகுதியில் இருந்து வருகிறது. மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள நரம்புத் திரள்கள் அந்தப் பகுதிக்கு ஊக்கம் கொடுக்கின்றன. பார்க்கின்சனில், நரம்புக் கலங்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் டோபமின் என்ற இரசாயனம் குறைந்து கெடுவது அந்தத் திரள்களின் வேலைதான். அலையின் முற்பகுதியும் பார்க்கின்சன் உள்ளவர்களுக்குத் தாழ்ந்திருக்கிறது.

துடுப்பு குறுக்கே கிடந்தபோது மாமா தானாகத் தொடங்க வேண்டியிருக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் ஒரு பொருள், அதைத் தாண்டு என்று கேட்கிறது. பார்வையில் இருந்து அசைவுக்குப் போகிற வழி, பழுதான அந்தத் தொடக்க வழியை அவ்வளவாக நம்பி இருப்பதில்லை என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். உறைந்து நிற்கிறவர் படி ஏறிப் போவதையும் இதனால்தான் காணலாம்.

அதற்காகத் துடுப்பை அங்கேயே போட்டுவைக்காதீர்கள், ஒருநாள் தடக்கி விழுவார். குசினி வாசலுக்கு முன்னும் பின்னும், ஒரு எட்டுக்கு ஒன்றாக, நிலத்தின் நிறத்தில் இருந்து எடுப்பாகத் தெரியும் நாடாவைக் குறுக்கே ஒட்டிவிடுங்கள். "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணிக் கொடுத்தாலும் சிலருக்கு உதவும். உறைந்து நிற்கும்போது கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். உடம்பு வரும், கால் வராது. எத்தனை மணிக்கு உறைகிறார், அதற்கு எவ்வளவு நேரம் முன் மருந்து எடுத்தார் என்று ஒரு கொப்பியில் குறித்து, அடுத்த கிளினிக் நாளில் டொக்டரிடம் காட்டுங்கள். மருந்தின் வேகம் இறங்கும் நேரத்தில்தான் உறைகிறார் என்றால், நேரத்தையோ அளவையோ மாற்றுவதைப் பற்றி அவர் யோசிப்பார்.