பிரிட்டிஷ் அரச குடும்பத்தினருக்கு நிஜமாகவே இசை ரசனை உண்டா? ஓய்வு நேரத்தில் என்ன செய்வார்கள்?

உண்டு. சிலர் கேட்டு ரசித்ததோடு நிற்காமல் வாசிக்கவும் பாடவும் செய்தார்கள். அவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் விக்டோரியா மகாராணி. அவர் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1842 ஜூலை மாதம். ஜெர்மன் இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சன் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு வருகிறார். அங்கிருந்த ஆர்கன் என்ற பெரிய வாத்தியத்தை வாசித்துப் பார்க்கும்படி அழைத்தவர் விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட். அவரே நன்றாக ஆர்கன் வாசிப்பார், பாட்டுக்கு மெட்டும் போடுவார். பேசிக்கொண்டிருக்கும்போது ராணி உள்ளே வந்தார். அப்போது அவருக்கு வயது 23. காற்றில் இசைத்தாள்கள் அறை முழுக்கச் சிதறிக் கிடந்தன. யாரையும் கூப்பிடாமல் தானே குனிந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டார். மெண்டல்சன் தன் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் விவரமாகச் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் ராணி பாடுவதாக ஏற்பாடு. அறையில் ஒரு கிளி இருந்தது. தான் பாடுவதைவிடச் சத்தமாக அது கத்திவிடும், முதலில் அதை வெளியே அனுப்ப வேண்டும் என்றார் ராணி. கூண்டைத் தூக்கிக்கொண்டு போனவர் மெண்டல்சனேதான்! அவருடைய முதல் பாடல் தொகுப்பிலிருந்து ஒரு பாட்டை ராணியே தேர்ந்தெடுத்துப் பாடினார். ஓர் இடத்தில் மட்டும் ஸ்வரம் கொஞ்சம் ஏறிவிட்டது. மற்றபடி சுருதி சுத்தம். பாட்டின் முடிவில் வரும் நீண்ட ஸ்வரத்தை, தொழில்முறைப் பாடகர் அல்லாத ஒருவர் இவ்வளவு அழகாகப் பாடி, தான் கேட்டதில்லை என்று மெண்டல்சன் எழுதுகிறார்.

ஆனால் அந்தப் பாட்டு அவருடையது இல்லை. அவருடைய அக்கா ஃபேனி எழுதியது. பெண்கள் தங்கள் பெயரில் இசை வெளியிடுவதை அந்தக் குடும்பம் விரும்பாததால் தம்பி பெயரில் வந்திருந்தது. அதை அன்று ராணியிடம் அவர் ஒப்புக்கொண்டார். ஃபேனி தன் பெயரிலேயே பாடல்களை வெளியிட 1846 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த வருடமே இறந்துவிட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும்.

மெண்டல்சன் கேட்டுக்கொண்டபடி, அவரே எழுதிய பாட்டு ஒன்றையும் ராணி பாடினார். முடித்ததும், இவ்வளவு பயப்படாமல் இருந்திருந்தால் நன்றாகப் பாடியிருப்பேன், வழக்கமாக எனக்கு மூச்சு நீண்டு வரும் என்றாராம். ஆறு வருடம் பாட்டு கற்றவள் நான். டீச்சர் எதிரில் உட்கார்ந்தாலே மூச்சு பாதியில் நின்றுவிடும். அதனால் ராணி சொன்ன அந்த வார்த்தை எனக்கு அப்படியே புரிகிறது. பட்டத்துக்கு வருவதற்கு முன்பே லூயிஜி லப்லாஷ் என்ற புகழ்பெற்ற ஓபரா பாடகரிடம் முறையாகக் கற்றவருக்கே அந்த நடுக்கம்!

சரி, மற்றவர்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எட்டாம் ஹென்றி லூட் என்ற நரம்பு வாத்தியம் வாசித்தார், பாட்டும் எழுதினார். ஐந்தாம் ஜார்ஜுக்குத் தபால்தலை சேர்ப்பதில் தீராத ஆசை. 1904-இல், இளவரசராக இருந்தபோது, ஒரே ஒரு மொரீஷியஸ் தபால்தலையை 1,450 பவுண்டு கொடுத்து வாங்கினார். இரண்டாம் எலிசபெத்தின் தங்கை இளவரசி மார்கரெட் பியானோ வாசித்தார். இப்போதைய மன்னர் சார்லஸ் கேம்பிரிட்ஜில் படிக்கும்போது கல்லூரி ஆர்கெஸ்ட்ராவில் செல்லோ வாசித்தவர். விக்டோரியா காலத்தோடு நின்றுபோன அரச ஹார்ப் (யாழ் போன்ற வாத்தியம்) கலைஞர் பதவியை 2000-இல் மறுபடி உயிர்ப்பித்தவரும் அவர்தான். 2025-இல் தனக்குப் பிடித்த பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். அதில் பாப் மார்லியும் இருக்கிறார், பியான்சேயும் இருக்கிறார்.

இரண்டாம் எலிசபெத்துக்குக் குதிரைகள் என்றால் உயிர். ஆனால் வார நாட்களில் காலை ஒன்பது மணிக்கு அவர் ஜன்னலுக்குக் கீழே கால் மணி நேரம் பேக்பைப் என்ற ஸ்காட்லாந்து ஊதுகருவி ஒலிக்கும். இந்த வழக்கத்துக்கும் விக்டோரியாதான் காரணம். மெண்டல்சன் வந்துபோன அதே 1842-இல் ராணியும் ஆல்பர்ட்டும் முதன்முறையாக ஸ்காட்லாந்து போனார்கள். அங்கே கேட்ட பேக்பைப் மனதைப் பறிக்க, மறு வருடமே அரண்மனைக்கென்று ஒரு கலைஞரை நியமித்தார்கள். 2022 செப்டம்பரில், வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் எலிசபெத்தின் இறுதிச் சடங்கு முடியும் நேரத்தில், காலையில் அவருக்காக வாசித்த அதே கலைஞர் ஒரு தாலாட்டை வாசித்தார். வாசித்துக்கொண்டே திரும்பி நடந்தார். ஆள் மறைந்த பிறகும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.