முதலையின் அடுப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டணம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சிறுவயதிலிருந்து ஒகேனக்கல்லுக்குப் பலமுறை போயிருந்தாலும் கேமராவோடு போனது இந்தத் தை மாதம்தான். பரிசலில் பள்ளத்தாக்குக்குள் இரண்டு மணிநேரம் சுற்றி, நானூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஏமாற்றம். பாறைச் சுவர்கள் எல்லாம் சாம்பல் பூசியதுபோலத் தட்டையாக இருக்கின்றன. போன வருடம் ஆந்திராவின் கண்டிக்கோட்டையில் இதே கேமராவில் எடுத்த படங்கள் அற்புதமாக வந்தன. குறை கேமராவிலா, என்னிடமா? 600 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கலாமா? ட்ரோன் உதவுமா?

உருப்படியாக வந்தது ஒரே படம். பாறைமேல் ஒரு முதலை கல்லைப்போல அசையாமல் கிடந்தது. பரிசல்காரரிடம் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து, துடுப்பால் தண்ணீரில் அடிக்கச் சொன்னோம். அது ஆற்றில் பாய்ந்த கணம் கிடைத்துவிட்டது. இணைத்திருக்கிறேன். நம் மாவட்டங்களில் இப்படியொரு கிராண்ட் கேன்யன் இருந்தும் உலகம் ஏன் அறியவில்லை?

அன்புடன்,
கி.

*

அன்புள்ள கி.,

காவேரியின் பெயரை வைத்துக்கொண்டு தென்பெண்ணைக் கரையில் உட்கார்ந்திருக்கும் ஊர் உங்களுடையது. அந்த ஊர்க்காரர் காவிரியைத் தேடிப் போனதில் நியாயம் இருக்கிறது.

முதலில் கிராண்ட் கேன்யனை முடித்துவிடுகிறேன். அமெரிக்காவிலுள்ள அந்தப் பள்ளத்தாக்கு 446 கிலோமீட்டர் நீளம். சில இடங்களில் 1,800 மீட்டர் ஆழம். நம்முடையதில் இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கரையில் திரும்பிப் பார்ப்பார்கள். ஒகேனக்கல்லை நயாகரா என்பதும் இதே வியாதிதான். கன்னடத்தில் ஹொகே என்றால் புகை, கல் என்றால் கல். புகையும் கல் என்று பெயர் வைக்கத் தெரிந்த மக்களின் ஊருக்கு அமெரிக்காவிலிருந்து எதற்கு இன்னொரு பெயர்? பெருமைதான் வேண்டுமென்றால் ஒன்று சொல்கிறேன். ஒகேனக்கல் வட்டாரத்தில் கார்பனடைட் என்றொரு பாறை உண்டு. பூமியின் ஆழத்திலிருந்து குழம்பாக ஏறிவந்து உறைந்த சுண்ணப்பாறை. வயது சுமார் 240 கோடி ஆண்டு. கிராண்ட் கேன்யனில் கொலராடோ ஆறு அறுத்துக் காட்டும் மிகப் பழைய பாறைக்கு 184 கோடிதான். வயதில் அதுதான் நமக்குத் தம்பி.

படம் ஏன் தட்டையாக வந்தது? கண்டிக்கோட்டையில் நீங்கள் விளிம்பில் நின்று பெண்ணாற்றைக் கீழே பார்த்தீர்கள். அங்கே செம்பாறை அடுக்கடுக்காக வெடித்து நிற்கிறது. எந்த வெளிச்சத்திலும் அந்த அடுக்குகள் கோடு போட்டுக் கொடுத்துவிடும். ஒகேனக்கல்லில் நீங்கள் பள்ளத்தின் அடியில், பரிசலுக்குள் உட்கார்ந்து மேலே பார்க்கிறீர்கள். பாறை கருத்தது, அப்படிப்பட்ட அடுக்கும் இல்லாதது. தலைக்குமேல் வானம் பளீரென்று இருக்கிறது. கேமரா வானத்துக்கும் சுவருக்கும் நடுவில் பஞ்சாயத்துப் பேசி இரண்டையும் கெடுத்துவிடுகிறது. வானத்தைப் படத்திலிருந்து வெட்டிவிடுங்கள். ஆறு அங்கே பொதுவாகத் தெற்கு நோக்கிப் போவதால், காலையில் மேற்குச் சுவரிலும் மாலையில் கிழக்குச் சுவரிலும் வெயில் விழும். சாய்ந்த வெயில் விழுந்தால் கருங்கல்லுக்கும் முகம் வரும். லென்ஸ் உங்கள் பணம், உங்கள் விருப்பம். ட்ரோன் வேண்டாம். சுற்றிலும் சரணாலயக் காடு. வனத்துறை அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது.

இனி, நீங்கள் உருப்படியாக வந்தது என்று அனுப்பிய படத்துக்கு வருகிறேன்.

போன வாரம் பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இறக்கினேன். அதில் 1993ஆம் வருடத்து நெகட்டிவ் சுருள் ஒன்று இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு பாறை, தண்ணீர் தெறிப்பு, ஒரு வால். உங்கள் படமேதான். இரண்டு நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது.

அது வீரப்பன் தேடுதல் வேட்டை நடந்த காலம். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் வரும்வரை பஸ்ஸை நிறுத்தி நிறுத்திப் பை பையாகச் சோதித்தார்கள். காட்டுக்குள் நடப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை, பரிசலோடு சரி. என்னிடம் கடன் வாங்கிய கேமராவும் முப்பத்தாறு படங்கள் கொண்ட ஒரே சுருளும் இருந்தன. பரிசல் ஓட்டியவருக்கு அறுபது வயதிருக்கும். அந்தக் காலத்தில் எருமைத்தோல் போர்த்திய பரிசல் எப்படி மிதக்கும், இப்போது தார் பூசிய பிளாஸ்டிக் எப்படி மிதக்கிறது என்று சொல்லிக்கொண்டே துடுப்புப் போட்டார். ஒரு திருப்பத்தில் முதலை கிடந்தது. நான் பேச்சை வெட்டிவிட்டு, கையிலிருந்த எலுமிச்சை அளவு கல்லை எறிந்தேன். ஆம், நானேதான். உங்களைப்போலக் காசு கொடுத்து இன்னொருவர் கையால் செய்யவில்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

அவர் துடுப்பை மடியில் வைத்துவிட்டார். பரிசல் தானாக மெல்லச் சுழன்றது. “தம்பி, அது வெயிலுக்கு வந்தது. வயிற்றில் மீன் கிடக்கிறது. அது வேக வேண்டாமா?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன்.

பல வருடம் கழித்து ஊர்வனவற்றைப் பற்றிப் படித்தபோதுதான் அந்தச் சிரிப்பு தொண்டையில் குத்தியது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. நமக்கு அடுப்பு வயிற்றுக்குள் எரிகிறது. மார்கழிக் குளிரிலும் உடம்பு ஒரே சூட்டில் நிற்கும். முதலைக்கு அடுப்பு வெளியே, வானத்தில் இருக்கிறது. உடம்பு சூடேறினால்தான் அதற்குச் செரிமானம். குளிர்ந்த உடம்பில் தின்றது வயிற்றிலேயே கெட்டுப்போகவும் கூடும். தை மாதத்துக் காலையில் ஆற்றுநீர் சில்லென்று இருக்கும்போது அது பாறையேறிக் கிடப்பது சோம்பல் இல்லை, கி. சமைத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் கல் என்று எழுதியிருக்கிறீர்கள். உலை கொதிக்கும் வீட்டுக்குள் புகுந்து, ஒரு குடம் தண்ணீரை அடுப்பில் ஊற்றி, வீட்டுக்காரர் பதறும் முகத்தைப் படமெடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அதற்குக் கூலியும் கொடுத்திருக்கிறீர்கள்.

ஒருமுறைதானே என்பீர்கள். அந்தப் பாறையை ஒரு நாளில் எத்தனை பரிசல்கள் கடக்கின்றன என்று கரையில் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கி. இருக்கிறார். அது மறுபடி ஏறும், மறுபடி காயும், பாதி காய்வதற்குள் அடுத்த துடுப்பு அடிக்கும். இன்னொன்று: வாய் பிளந்து கிடந்தால் ‘சீற்றம்’ என்று பெயர் போட்டுவிடாதீர்கள். அது பெரும்பாலும் தலைச்சூட்டை இறக்கிக்கொள்ளும் வழி.

பரிசல்காரரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. ஆடியில் கர்நாடக அணைகள் நிரம்பித் திறந்தால் பரிசலுக்குத் தடை வந்துவிடும். அவருக்கு வருமானம் நின்றுவிடும். கேட்டவர் நீங்கள்.

கோபமாக எழுதிவிட்டேன். நானூறு படங்களில் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதை வேண்டாம் என்று தள்ளும் கண் உங்களுக்கு இருக்கிறது. அது எல்லோருக்கும் அமைவதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளம்.

மாசி முடிவதற்குள் மறுபடி போங்கள். முதலையைக் கண்டதும் தூரத்திலேயே எதிர்க்கரைப் பாறையில் பரிசலை ஒதுக்கச் சொல்லுங்கள். காத்திருக்கும் நேரத்துக்கும் கூலியைப் பேசிக்கொள்ளுங்கள். அந்தக் கூடுதல் பணத்துக்கு இதைவிட நல்ல செலவு கிடையாது. சும்மா உட்கார்ந்தால் மற்றவையும் வெளியே வரும். கரையோர நீர்மருது மரங்களில் நரை அணில் தாவலாம். கூடு கட்டவும் ஓடவும் அதற்குக் கிளையோடு கிளை கோத்த மரங்கள் வேண்டும். பாறையில் செதில் கலந்த எச்சம் கிடந்தால் அது நீர்நாய்க் குடும்பத்தின் இடம். குனிந்து பாருங்கள், மிதிக்காதீர்கள். சுவரில் வெள்ளம் தேய்த்த வழவழப்பு எந்த உயரத்தில் நிற்கிறது என்பதும் அப்போது தெரியும். நீர் இறங்கிய மாதங்களில்தான் பள்ளத்தாக்கு தன் உடம்பைக் காட்டும்.

அசையாத முதலையின் படம் கிடைத்தால் அனுப்புங்கள். வால் வேண்டாம், என்னிடம் ஒன்று இருக்கிறது.