பிரிட்டனில் பழைய நீராவி ரயில்களை மட்டும் குறிவைத்துப் பத்து நாள் கார்ப் பயணம் போக எப்படித் திட்டமிடுவது?

ஜூலை கடைசியில் சென்னையிலிருந்து மனைவியோடு வருகிறீர்கள், வாடகைக் கார், பட்டியலில் பதினாறு ரயில் பாதைகள், ஒரு நாளைக்கு இரண்டு வீதம் வைத்தால் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் எழுதிவிட்டு ஒன்றை விட்டுவிட்டீர்கள். காரை ஓட்டப்போவது யார்?

எனக்குத் தெரிந்தவரை இப்படிப் பட்டியல் போடுகிறவர்கள் ஓட்டுவதில்லை. பக்கத்து சீட்டில் மடியில் கேமராவோடு உட்கார்ந்து, "அடுத்த லெஃப்ட்... ஐயோ, போயிருச்சே" என்று சொல்கிறவர்கள். உங்களை அப்படி நினைத்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். ஆனால் அப்படித்தான் இருக்கும்.

முதலில் கணக்கு. இந்தப் பாரம்பரியப் பாதைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேக வரம்பு மணிக்கு 25 மைல். பாதைகளின் நீளமோ, வெஸ்ட் சாமர்செட் 20 மைல், நார்த் யார்க்‌ஷயர் மூர்ஸ் 18 மைல், செவர்ன் வேலி 16 மைல். காரை ஒரு முனையில் நிறுத்திவிட்டு ஏறினால் அதே முனைக்குத் திரும்பி வந்துதான் ஆக வேண்டும். அந்தப் பக்கம் இன்ஜினைக் கழற்றி மாட்டும் நேரம், ஒரு டீ, ஸ்டேஷனில் பழைய புத்தகக் கடை ஒன்று கண்ணில் பட்டால் அதில் அரை மணி. ஒரு பாதைக்கு ஒரு பகல் என்று வையுங்கள். பதினாறை ஏழாக்குங்கள். ஏழே அதிகம்.

"அவள் காரை எடுத்துக்கொண்டு அந்த முனைக்கு வந்துவிடட்டுமே, ஒரு வழிப் பயணம் போதுமே" என்று தோன்றுகிறதா? எங்கள் வீட்டுக்காரருக்கும் தோன்றியது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கேள்விக்கே வந்தேன்.

நான் மேட்டுப்பாளையத்துக்காரி. ஊட்டி ரயில் கூவும் சத்தத்தில் எழுந்து பள்ளிக்கூடம் போனவள். அதனாலேயே நீராவி இன்ஜின்மேல் எனக்குப் பெரிய மயக்கம் எதுவும் கிடையாது. இவர் ஈரோடு. ரயில் பைத்தியமெல்லாம் இங்கிலாந்து வந்த பிறகுதான். லைசென்ஸ் அவரிடமும் இருக்கிறது. ஆனால் ஓட்டினால் ரயிலைப் பார்க்க முடியாதாம்.

நார்த் யார்க்‌ஷயரில் க்ரோமண்ட் என்றொரு சின்ன ஊர், மேலே சொன்ன மூர்ஸ் பாதையின் ஒரு முனை. மறுமுனை பிக்கரிங். க்ரோமண்டிலிருந்து கோத்லண்டுக்கு ரயில் 49-க்கு 1 ஏற்றத்தில், அதாவது 49 அடி போனால் 1 அடி உயரம், ஏறுகிறது. கனமான பெட்டிகளை இழுத்துக்கொண்டு இன்ஜின் திணறி ஏறும்போதுதான் புகையும் சத்தமும் நன்றாக இருக்கும் என்பதால் படமெடுப்பவர்கள் அந்தச் சரிவு நெடுக நிற்பார்கள். (தண்டவாளத்துக்குள் இறங்கக் கூடாது, குற்றம். பாலத்திலும் பொது நடைபாதையிலும் நிற்கலாம்.) இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. எடுத்த பிறகு இவர் சொல்கிறார்: "அம்மிணி, என்னைய அந்தப் பாலத்துகிட்ட எறக்கி உட்டுரு. வண்டி போனதும் வந்து ஏத்திக்க. மேல கோத்லண்டுல இன்னொரு ஷாட் எடுத்துக்கலாம்."

அந்தப் பக்கத்துச் சாலைகளைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு கார் போகும் அகலம். இரண்டு பக்கமும் வேலி. செங்குத்தாக இறங்கி, கீழே ஓடையைத் தாண்டி, மறுபடி செங்குத்தாக ஏறும். கோத்லண்டில் ஆடுகள் கட்டவிழ்ந்து திரிகின்றன, நடுரோட்டில் படுத்துக்கொண்டு ஹாரனுக்கு அசையாது. எதிரே டிராக்டர் வந்தால் ரிவர்ஸ் எடுக்க வேண்டியது நாம்தான். இத்தனையும் செய்து, சொன்ன நேரத்துக்குச் சொன்ன பாலத்தில் போய் நின்றேன். இவர் கேமராவைப் பார்த்துக்கொண்டே ஏறினார். "டெண்டர் முன்னாடி வந்துருச்சு, படம் வீண். சாயங்காலம் மறுபடி வரணும்." (டெண்டர் என்பது இன்ஜினுக்குப் பின்னால் இருக்க வேண்டிய கரி, தண்ணீர் வண்டி.)

நான் ஒன்றும் பேசவில்லை. க்ரோமண்டுக்கே திரும்பி ஓட்டினேன். காரை நிறுத்தி, சாவியை அவர் கையில் வைத்தேன். "ஏனுங்க, நான் ரயில்ல போறேன். நீங்க பிக்கரிங்குக்குக் காரை எடுத்துட்டு வந்துருங்க."

அடுத்த ரயிலுக்கு நேரம் இருந்தது. ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பழைய சுரங்கவழி உண்டு, குதிரை வண்டி போகும் அளவுக்குத்தான். அதற்குள் நடந்தால் அந்தப் பக்கம் இன்ஜின் கொட்டகை. கரிப்புகை, சுடு எண்ணெய், ஈரத்துணி எல்லாம் கலந்த அந்த வாடை எனக்குப் பழகின வாடை. பிறகு ஏறி உட்கார்ந்தேன். பக்கவாட்டில் நடைவழி விட்ட பழைய பெட்டி, ஆறு பேர் உட்காரும் அறையில் நான் ஒருத்தி. இன்ஜின் 'பிளாக் ஃபைவ்' என்ற வகை. அந்த வகையில் மொத்தம் 842 கட்டினார்கள் என்பதை இவர் வாயால் எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

டிக்கெட் பார்க்க வந்த பெரியவர் சம்பளமில்லாத தன்னார்வலர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இந்தப் பாதையை 1836-இல் திறந்தபோது இழுத்தவை குதிரைகள் என்றார். போட்டவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன்! நீராவி இன்ஜினுக்குப் பேர்போன ஆள் குதிரைக்குப் பாதை போட்டிருக்கிறார். அதனால்தான் அந்தச் சுரங்கவழி அவ்வளவு சின்னது. 1963-இல் பீச்சிங் என்பவர் நாடு முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களை மூடச்சொல்லி அறிக்கை கொடுத்தார், 1965-இல் இந்தப் பாதையும் போனது, ஊர்க்காரர்களும் ரயில் பிரியர்களும் சேர்ந்து 1973-இல் திரும்ப ஓட்டினார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு கேட்டார்:

"உங்களுக்கு ரயில் ரொம்பப் பிடிக்குமோ?"

"என் வீட்டுக்காரருக்குப் பிடிக்கும்."

"அவர் எங்கே?"

"கார் ஓட்டிக்கொண்டிருக்கிறார்."

மனிதர் அடுத்த அறைக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், அங்கிருந்து சிரிப்பு கேட்டது.

லெவிஷம் பக்கம் பள்ளத்தாக்கு நெருங்கி வருகிறது. ஊரும் இல்லை, ரோடும் இல்லை. காட்டுக்கும் குன்றுக்கும் நடுவே ரயில் மட்டும். காரில் போகிறவருக்கு இது எதுவும் தெரியாது, அவர் மேலே மேட்டு நிலத்தில் போய்க்கொண்டிருப்பார். ஸ்டேஷனில் டிரைவரும் சிக்னல்காரரும் டோக்கனைக் கைமாற்றிக்கொண்டார்கள், ஒற்றைத் தடத்தில் எதிரே வண்டி வராது என்பதற்கு அதுதான் உத்தரவாதம். பிக்கரிங் ஸ்டேஷனில் 1845 காலத்துக் கூரையை அப்படியே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அதன் கீழே இவர் நின்றிருந்தார், முகம் ஒரு முழம். "ரோட்டுல ஆடு" என்றார். ஓஹோ என்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சட்டம் இதுதான்: படமெடுக்க ஒரு நாள், ஏறிப்போக ஒரு நாள், ஓட்டுவது பாதிக்குப் பாதி. நீங்களும் இங்கிருந்தே தொடங்குங்கள்.

லைசென்ஸ் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். சுற்றுலா வருகிற உங்களுக்குக் கவலை இல்லை, இந்திய லைசென்ஸில் 12 மாதம் வரை ஓட்டலாம். இங்கே குடியேறினால் அந்த 12 மாதத்தோடு சரி. சிங்கப்பூர் லைசென்ஸை இங்கே மாற்றிக்கொள்ளலாம், எமிரேட்ஸ் லைசென்ஸைக்கூட மாற்றிக்கொள்ளலாம். கோவை அவிநாசி ரோட்டில் பஸ்ஸுக்கும் மாட்டுக்கும் நடுவே வருஷக்கணக்காக ஓட்டிய நான் மட்டும் முதலிலிருந்து எல்-போர்டு மாட்டி, எழுத்துத் தேர்வு, பிறகு ரோட்டுத் தேர்வு. தேதி கிடைக்கவே மாதங்கள். பரிசோதிக்க வந்தவர் என்னை விடச் சின்னப் பையன். ரவுண்டானாவில் நான் "அளவுக்கு மீறித் தயங்குகிறேனாம்". இவர்களை உக்கடத்தில் ஒருநாள் ஓட்டவிட்டுப் பார்க்க வேண்டும். சரி, விடுங்கள்.

பாதைக்கு வருகிறேன். பத்து நாளில் இரண்டே இடங்களில் தங்குங்கள்: வேல்ஸில் போர்த்மாடாக் பக்கம் ஒன்று, யார்க்‌ஷயரில் ஒன்று. போர்த்மாடாக்கில் தண்டவாள அகலம் குறைந்த இரண்டு பாதைகள் ஒரே ஸ்டேஷனில் சந்திக்கின்றன. ஃபெஸ்டினியாக் 13½ மைல், மலையிலிருந்து பலகைக்கல் இறக்கப் போட்டது. இறங்கும்போது இன்ஜினே இல்லாமல் சரிவிலேயே உருட்டிவிடுவார்கள், ஏற்றுவதற்குக் குதிரை. 1863-இல்தான் நீராவி. இரண்டு பக்கமும் முகம் வைத்த ஃபேர்லி இன்ஜினை அங்கேதான் பார்க்க முடியும். மற்றது வெல்ஷ் ஹைலண்ட், கர்னார்வன் வரை 25 மைல், தென்னாப்பிரிக்காவில் ஓடிய 'காரட்' (Garratt) என்ற வகைப் பெரிய இன்ஜின்கள். ஒன்றுக்குத்தான் நாள் இருக்கிறது என்றால் ஃபெஸ்டினியாக்.

அங்கிருந்து தெற்கே டவின் என்ற கடற்கரை ஊரில் தலிலின் ரயில். 1951-இல் உலகத்திலேயே முதன்முதலாகத் தன்னார்வலர்கள் எடுத்து நடத்திய பாதை இதுதான், மற்றதெல்லாம் இதைப் பார்த்துத்தான் வந்தன. பெட்டிகளுக்கு ஒரு பக்கம்தான் கதவு திறக்கும், பாலங்கள் அவ்வளவு நெருக்கம். உங்கள் பட்டியலில் இது இல்லை. சேருங்கள்.

ஸ்னோடன் மலை ரயில் உங்கள் பட்டியலில் முதலில் இருக்கிறது. என் பேச்சைக் கேட்டால் அதை நீக்குங்கள். ஊர்ப்பாசம் என்று யாராவது சொல்வார்கள், சொல்லட்டும். 1896-இல் திறந்தது, தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்களைப் பிடித்து ஏறும் பல்சக்கர முறை, இன்ஜின் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தது, பின்னாலிருந்து தள்ளும். நம் ஊட்டி ரயிலும் அதே ஆப்ட் பல்சக்கர முறைதான், அதன் பழைய இன்ஜின்களும் அதே வின்டர்தூரில் செய்தவைதான், அதுவும் பின்னாலிருந்துதான் தள்ளுகிறது. 1899-இல் குன்னூர், 1908-இல் ஊட்டி. ஏற்றம் ஸ்னோடனில் அதிகம், ஒப்புக்கொள்கிறேன்: 5½-க்கு 1, நமக்கு 12-க்கு 1. ஆனால் ஸ்னோடனில் டிக்கெட் விலை அதிகம், காற்று அடித்தால் உச்சி வரை போகாது, மேகம் இறங்கினால் உச்சியில் உங்கள் மனைவியின் முகம்கூடத் தெரியாது. நீங்கள் இன்னும் ஊட்டி ரயிலில் ஏறவில்லை என்றால் அதை முதலில் முடியுங்கள்.

யார்க்‌ஷயரில் மேலே சொன்ன பாதை, கீத்லி அண்ட் வொர்த் வேலி (5 மைல்தான், அரை நாளில் முடியும், எழுத்தாளர்களான ப்ரான்டே (Brontë) சகோதரிகளின் ஹாவர்த் ஊர் வழியே போகிறது), பிறகு யார்க் ரயில்வே அருங்காட்சியகம். நுழைவு இலவசம். 1938-இல் மணிக்கு 126 மைல் ஓடிய மல்லார்ட் அங்கேதான். வேல்ஸிலிருந்து யார்க்‌ஷயர் போகும் வழியில் செவர்ன் வேலியை நுழைக்க ஆசை வரும். சுற்று வழி, வேண்டாம். மந்திரப் பள்ளிப் படத்தில் வரும் பாலத்துக்காக ஸ்காட்லாந்தையும் எழுதியிருக்கிறீர்கள், அதற்கு இன்னொரு பத்து நாள் வேண்டும்.

"ரயிலைப் பார்க்க ரயிலிலேயே போகலாமே, எதற்குக் கார்?" என்று ஒருவர் வந்து கேட்பார். கீத்லிக்கும் டவினுக்கும் போர்த்மாடாக்குக்கும் போகலாம், மறுக்கவில்லை. பிக்கரிங்குக்கும் வெஸ்ட் சாமர்செட் பாதையின் முனையான மைன்ஹெட்டுக்கும் வழக்கமான ரயில் எங்கே இருக்கிறது? அதைத்தானே பிடுங்கினார்கள்? "கரி எரிப்பதை ஊக்குவிக்கிறீர்களா" என்று இன்னொருவர் கேட்பார். வேல்ஸின் ஃபோஸ்-ஈ-ஃப்ரான் நிலக்கரிச் சுரங்கமும் 2023-இல் மூடிவிட்டது, இவர்கள் வெளிநாட்டுக் கரியை விலை கொடுத்து வாங்கித்தான் ஓட்டுகிறார்கள். நான் போகாமல் இருந்தால் அந்த ரயில் நிற்கப்போவதில்லை.

ஹோட்டல் போடும் முன் ஒவ்வொரு பாதையின் இணையதளத்திலும் நாட்காட்டியைப் பாருங்கள். தேதிகளுக்குப் பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறம் இருக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு டைம்டேபிள், நிறமில்லாத தேதியில் ரயிலே இல்லை. கோடையிலும் சில பாதைகளுக்கு வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வு உண்டு. ஓடும் நாளிலும் எந்த வண்டி நீராவி, எது டீசல் என்று தனியாகப் போட்டிருப்பார்கள். ரொம்ப நாள் மழை இல்லாவிட்டால் தீப்பொறிக்குப் பயந்து நீராவியை நிறுத்தி டீசலை மாட்டிவிடுவார்கள், அன்றைக்குக் காலையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலை கடைசி என்றால் இங்கே பள்ளி விடுமுறை, அறை இப்போதே போடுங்கள். ஆட்டோமேட்டிக் கார் வேண்டும் என்றால் முன்கூட்டியே கேட்டுப் போடுங்கள், கேட்காவிட்டால் கியர் வண்டிதான் கையில் வரும். வேல்ஸில் ஊருக்குள் பொதுவாக 20 மைல்தான் வேகம், கேமரா இருக்கிறது.

சாப்பாட்டுக்கு: சைவம் என்றால் யார்க்‌ஷயரில் சிப்ஸ் தானே என்று வாங்கிவிடாதீர்கள். மீன் கடைகளில் நிறைய இடத்தில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள், கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். நாங்கள் புளிசாதமும் உருளைக்கிழங்கும் டப்பாவில் கட்டிக்கொண்டு போய்விடுவோம். அந்தப் பழைய அறைப் பெட்டியில் ஜன்னலை இறக்கிவிட்டுச் சாப்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இறங்கும்போது சில பெட்டிகளில் உள்ளே கைப்பிடி இருக்காது, அதே ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். வண்டி நின்ற பிறகு.