மூன்று கார்ட் போதுமா? பங்க் ராக் கேள்வி பதில்

கோபியிலிருந்து: அண்ணா, நாங்க நாலு பேர், காலேஜ் ரெண்டாம் வருஷம். கிதாரில் எனக்கு மூன்று கார்ட் (பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பது) தான் ஒழுங்காக வரும். இப்பவே பேண்ட் ஆரம்பிக்கலாமுங்களா?

தாராளமாக, தம்பி. பங்க் என்றால் எளிமையான, வேகமான ராக் இசைதான். அமெரிக்க பங்க் பேண்டான ராமோன்ஸ் 1976இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் 14 பாட்டு; மொத்தமும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கார்டை விட வலது கைதான் பெரும்பாடு. அவர்களுடைய கிதாரிஸ்ட் ஜானி ராமோன் பெரும்பாலும் மேலிருந்து கீழாக மட்டுமே அடிப்பார். அதே வேகத்தில் இரண்டு நிமிடம் அடித்துப் பாருங்கள், முன்கை கல்லாகிவிடும். மெட்ரோநோமை (தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி) மெதுவாக வைத்து, மணிக்கட்டைத் தளரவிட்டுப் பழகுங்கள்.

திருப்பூரிலிருந்து: பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள். டிரம்ஸ் சத்தத்தை எப்படிங்க குறைப்பது?

உங்க ஊரிலிருந்தா இந்தக் கேள்வி! பனியன் வேஸ்ட்டைத் தலையணை உறையில் அடைத்து, காலால் அடிக்கும் பெரிய பேஸ் டிரம்முக்குள் தோலை லேசாகத் தொடுகிற மாதிரி வையுங்கள். ரீங்காரம் போய் 'டப்' என்று கேட்கும். சிம்பலுக்கு (உலோகத் தட்டுக்கு) இது உதவாது. தறி ஓடுகிற சந்தில் ஒரு ரூம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், அங்கே சண்டைக்கு யாரும் வரமாட்டார்கள்.

கோவையிலிருந்து: இசைக் கம்பெனி எதுவும் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. மேலே வர வேறு வழி உண்டா?

கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறோமே, அசல் மான்செஸ்டர் கதையைக் கேளுங்கள். 1976 ஜூன் 4 அன்று லண்டனிலிருந்து செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் பேண்டை அங்கே வரவழைத்துக் கச்சேரி வைத்தவர்கள் ஹோவர்ட் டிவோட்டோ, பீட் ஷெல்லி என்ற இரண்டு இளைஞர்கள். வந்தது சொற்பக் கூட்டம். அடுத்த மாதமே அந்த இளைஞர்களுடைய சொந்த பேண்டான பஸ்காக்ஸ் அதே ஹாலில் மேடையேறியது. தெரிந்தவர்களிடம் 500 பவுண்டு கடன் வாங்கி, நாலு பாட்டு கொண்ட இசைத்தட்டை 1977 ஜனவரியில் தாங்களே 1,000 பிரதி போட்டார்கள். அவை விற்றுத் தீர்ந்து மறுபடியும் அச்சடிக்க வேண்டியதாயிற்று. பெரிய கம்பெனி அப்புறம்தான் தேடி வந்தது. நம்ம பக்கம் வாசிக்க ஆள் இருக்கிறது, கச்சேரி வைக்கத்தான் ஆளில்லை. முகூர்த்தம் இல்லாத நாளில் ஒரு சின்ன மண்டபத்தைப் பேசிப் பிடியுங்கள், இன்னும் இரண்டு பேண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடகையையும் மூன்றாகப் பங்கிடலாம்.

பொள்ளாச்சியிலிருந்து: பொண்ணுக்குப் பன்னிரண்டு வயசு. டிரம்ஸ் வேணும் என்று ஒரே பிடிவாதம். சின்ன வயசில்லீங்களா?

லிண்டா லிண்டாஸ் என்ற சிறுமிகள் பங்க் பேண்ட் லாஸ் ஏஞ்சலஸ் பொது நூலகத்தில் வாசித்த வீடியோ 2021 மே மாதம் உலகமெல்லாம் பரவியபோது, அந்த பேண்டின் டிரம்மருக்குப் பத்து வயசு. வாங்கிக் கொடுங்க அக்கா. காதுக்கு இயர்மஃபும் சேர்த்து வாங்குங்க, உங்களுக்கும் ஒன்று.